18 வயதில் அரசு அதிகாரி, 28 வயதில் ராஜினாமா! தந்தித் துறை கணக்குப் பார்த்த சர் சி.வி.ராமன் கதை

விருத்தாசலம்னு சொன்னா முதலில் ஞாபகம் வருவது விருத்தகிரீஸ்வரர் கோயில். அடுத்தது பீங்கான். நெய்வேலி பக்கம் கிடைக்கும் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. பொம்மையில் தொடங்கி, கரண்ட் பியூஸ் கேரியர், இன்சுலேட்டர் வரைக்கும் இங்குள்ள சூளைகளில் வெந்து வெளியே வருகின்றன.

இந்த இன்சுலேட்டருக்கு ஒரு பழைய வேலை உண்டு. ரயில் பாதை ஓரம் வரிசையாக நின்ற தந்திக் கம்பங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கிக்கொண்டு ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். அது பீங்கான். கம்பியில் போகும் மின்சாரம் கம்பம் வழியாக மண்ணுக்குள் கசிந்துவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

அந்தக் கம்பி, அந்தக் குமிழ், அதில் போன ஒவ்வொரு தந்திக்கும் வசூலான காசு, எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் பார்க்கும் உயர் பொறுப்பில் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தவர் திருச்சிக்காரர் ஒருவர். பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கிய சர் சி.வி.ராமன்!

நோபல் தெரியும், ராமன் விளைவு தெரியும். ஆனா அவர் 10 வருடம் அரசு அதிகாரியாக இருந்தது ஏன்? அந்த வேலைக்கு எப்படிப் போனார்? ஏன் விட்டார்? இன்னைக்கு தொலைத்தொடர்புத் துறையில் அதே மாதிரி வேலைக்குப் போகணும்னா என்ன வழி? விரிவாகப் பார்க்கலாம்.

திருவானைக்காவல் டூ மெட்ராஸ்

1888 நவம்பர் 7. திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் பிறந்தார் சந்திரசேகர வெங்கட ராமன். அப்பா சந்திரசேகர ஐயர் ஆசிரியர். அம்மா பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் இவர் இரண்டாவது. அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. வீட்டில் கணக்கு, இயற்பியல் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை.

11 வயதில் மெட்ரிகுலேஷன். அடுத்த சில வருடங்களில் மெட்ராஸ் மாநிலக் கல்லூரி. 1904இல் பி.ஏ.வில் முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம். 1907 ஜனவரியில் எம்.ஏ. அதற்கு முன்பே, 1906 நவம்பரில், லண்டனில் இருந்து வரும் பிலசாபிகல் மேகசின் என்ற ஆராய்ச்சி இதழில் ஒளி பற்றிய அவருடைய கட்டுரை வெளியாகிவிட்டது. வயது 18. வழிகாட்டி என்று பெரிதாக யாரும் இல்லை.

இப்படி ஒரு பையன் இன்று இருந்தால் பிஎச்.டி.க்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் போட்டி போடும். அன்றும் ஆசிரியர்கள் இங்கிலாந்துக்குப் போகச் சொன்னார்கள். ஆனால் மெட்ராஸ் சிவில் சர்ஜன் உடம்பைப் பரிசோதித்துவிட்டு, அந்த ஊர்க் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். அந்த டாக்டருக்குப் பின்னாளில் ராமன் நன்றி பாராட்டியது தனிக் கதை.

ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது

இங்கே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். 1907இல் இந்தியாவில் விஞ்ஞானி என்று ஒரு வேலையே கிட்டத்தட்ட கிடையாது. ஆராய்ச்சிக்குச் சம்பளம் தரும் பல்கலைக்கழகங்கள் இல்லை. கல்லூரிகளில் உயர்ந்த பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர்களுக்கு. படித்த இந்தியப் பிள்ளைகளின் கனவு ஐ.சி.எஸ். அந்தத் தேர்வு லண்டனில் மட்டும்தான் நடந்தது. டாக்டர் தடை போட்டுவிட்டதால் ராமனுக்கு அந்த வழியும் அடைபட்டது.

மிச்சம் இருந்தது நிதித் துறைப் பணி. அதற்கான போட்டித் தேர்வு இந்தியாவிலேயே, கல்கத்தாவில் நடந்தது. ராமனின் அண்ணன் சுப்பிரமணிய ஐயர் ஏற்கெனவே அந்த வழியில் கணக்குத் துறைக்குள் போயிருந்தார். தம்பியும் அதே பாதையில் இறங்கினார்.

இயற்பியல் படித்தவருக்கு வரலாறும் பொருளாதாரமும் பாடம். உட்கார்ந்து படித்தார், 1907 பிப்ரவரியில் தேர்வு எழுதினார். ரிசல்ட்? முதலிடம்.

அதே வருடம் மே மாதம் லோகசுந்தரியுடன் திருமணம். கல்யாணமான அதிகாரிக்குச் சம்பளத்தோடு கூடுதல் படி உண்டு என்பதை வைத்து வீட்டில் பின்னாளில் கேலிப் பேச்சு ஓடியதாம். ஜூன் மாதம் புதுமணத் தம்பதி கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். 18 வயதில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரல்!

ஒரு சின்ன ஒப்பீடு சொல்லியே ஆகணும். ராமனைவிட ஒரு வயதுகூட மூத்தவர் இல்லை கணித மேதை ராமானுஜன். எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், கையில் பட்டம் கிடையாது. 1912இல் மெட்ராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் அவருக்குக் கிடைத்தது மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்கு கிளார்க் வேலை. அதே சமயத்தில் ராமன் கல்கத்தாவில் உயர் அதிகாரி. இரண்டு தமிழ் மூளைகள், இரண்டு பேரும் அரசாங்கக் கணக்குப் புத்தகத்துக்கு முன்னால். நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு டிகிரி, ஒரு போட்டித் தேர்வு.

டிராமில் இருந்து குதித்த அதிகாரி

கல்கத்தாவில் ஒருநாள் ஆபீஸ் விட்டு டிராமில் வந்துகொண்டிருந்தவர் கண்ணில் ஒரு பெயர்ப் பலகை பட்டது. பௌபஜார் தெரு, எண் 210. இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம். 1876இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கியது. இந்தியர்கள் தங்கள் சொந்தப் பணத்தில், சொந்த நிர்வாகத்தில் ஆராய்ச்சி செய்யணும் என்பது அவர் கனவு. கட்டடம் வந்தது, கருவிகள் வந்தன, சொற்பொழிவுகள் நடந்தன. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் வரவில்லை. அவர் 1904இல் காலமாகிவிட்டார்.

ராமன் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் அங்கே உதவியாளராக இருந்த ஆசுதோஷ் தே. உள்ளே மகேந்திரலாலின் மகன் அமிர்தலால் சர்க்கார். ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் இங்கே வேலை செய்யலாமா என்று கேட்டுக்கொண்டு வந்து நின்ற இளைஞரைப் பார்த்து அமிர்தலாலுக்கு ஏக சந்தோஷம். அப்பா காத்திருந்த ஆள் இவர்தான் என்று நினைத்தாரோ என்னவோ, எந்த நேரமும் வரலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ராமனின் தினசரி அட்டவணையைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். விடியற்காலை ஐந்தரைக்குச் சங்கத்துக்குப் போவார். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்கு ஓடி வந்து குளியல், அவசரச் சாப்பாடு, நேராக ஆபீஸ். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸில் இருந்து நேராக மறுபடியும் சங்கம். வீடு திரும்ப இரவு பத்து ஆகும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேயே. கட்டிக்கொண்டு வந்த லோகசுந்தரிக்கு அந்த ஊர் மொழி தெரியாது, வீட்டில் தனியாக இருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் படிக்கணும்.

இதில் ஒரு பெரிய தொந்தரவு, டிரான்ஸ்ஃபர். 1909இல் ரங்கூனுக்கு மாற்றம். 1910இல் அப்பா காலமானார். பிறகு நாக்பூர். ஆய்வுக்கூடம் இல்லாத ஊர்களில் வீட்டிலேயே ஒரு பகுதியை ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார். 1911இல் மறுபடியும் கல்கத்தா. இந்த முறைதான் தபால் தந்தித் துறையின் கணக்குப் பொறுப்பு வந்தது. இந்த முறை சங்கத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்தார். பிறகு, நினைத்த நேரத்தில் உள்ளே போக நடுவில் ஒரு கதவும் வந்தது.

தபால் தந்தித் துறை அன்றைக்கு எவ்வளவு பெரிய விஷயம்? 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டப்படி தந்தி நடத்தும் உரிமை முழுக்க அரசாங்கத்துக்கு மட்டும். கம்பி இழுப்பதும் அரசு, கட்டணம் வைப்பதும் அரசு, அனுமதி கொடுப்பதும் அரசு. ஒழுங்குமுறை ஆணையம் என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாமே ஒரே கூரைக்குள். அந்தக் கூரைக்குள் பணம் சரியாகப் போகிறதா என்று பார்க்கும் நாற்காலியில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒருவர். மேலே போகப் போக இந்தியர்களுக்கு எட்டக்கூடிய மிக உயர்ந்த நிதிப் பதவிகள் காத்திருந்தன. ஆபீஸ் வேலையில் அவர் குறை வைத்ததாகவும் இல்லை.

மறுபக்கம் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. வயலின் தந்தி எப்படி அதிர்கிறது, வீணையின் மேட்டில் என்ன நடக்கிறது என்றெல்லாம் கேள்விகள். பகலில் தந்தி ஆபீஸ், இரவில் வயலின் தந்தி! 1912இல் கர்சன் ஆராய்ச்சிப் பரிசு, 1913இல் உட்பர்ன் பதக்கம். பரிசு வாங்கியவர் முழுநேர கணக்கு அதிகாரி.

பாதிச் சம்பளத்துக்குப் போன முடிவு

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் சர் ஆசுதோஷ் முகர்ஜி. நீதிபதி, கணிதம் தெரிந்தவர், ஆளைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். வழக்கறிஞர் தாரக்நாத் பாலித் கொடுத்த பெரும் நன்கொடையில் அறிவியல் கல்லூரிக்கு ஓர் இயற்பியல் பேராசிரியர் பதவி உருவானது. அந்தப் பதவிக்கு முகர்ஜி தேர்ந்தெடுத்தது தபால் தந்தித் துறை அதிகாரியை.

சிக்கல் இரண்டு. முதலாவது, வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராக இருக்கணும் என்று நன்கொடையில் ஒரு விதி. அதற்காக மட்டும் வெளிநாடு போக மாட்டேன் என்று ராமன் சொல்லிவிட்டார். கடைசியில் அவருக்காக விதி தளர்த்தப்பட்டது. இரண்டாவது, சம்பளம். அரசு வேலையில் வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான் பேராசிரியருக்கு. அரசு வேலையின் பென்ஷன், பதவி உயர்வு எல்லாம் போகும்.

பேச்சு தொடங்கியது 1914க்கு முன்னால். ராமன் அரசு வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பேராசிரியராகச் சேர்ந்தது 1917 ஜூலையில்.

சமூக வலைதளங்களில் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்கள்? கனவுக்காக வேலையைத் தூக்கி எறிந்தார் என்று. நடந்தது அப்படி இல்லை. பத்து வருடம் அந்த வேலையில் இருந்தார். சம்பளத்தில் குடும்பம் நடத்தினார், கல்கத்தாவுக்குப் போனதே அந்த வேலையால்தான். ஆய்வுக்கூடத்தை வேலைக்கு வெளியே கட்டிக்கொண்டார், பெயர் வாங்கினார், உட்கார ஒரு நாற்காலி உறுதியான பிறகுதான் எழுந்தார். பணம் குறையும் என்று தெரிந்தே எழுந்தார். அது துணிச்சல்தான். ஆனால் கணக்கு தெரிந்த ஆளின் துணிச்சல்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். 1921இல் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை யோசிக்க வைத்தது. ஏழு வருட உழைப்பு. 1928 பிப்ரவரி 28, பௌபஜார் தெருவின் அதே கட்டடம். ஒரு பொருளுக்குள் ஒளி புகுந்து சிதறும்போது அதில் மிகச் சிறிய பகுதி நிறம் மாறி வெளியே வருகிறது என்பது உறுதியானது. கூட உழைத்தவர், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். 1929இல் சர் பட்டம், 1930இல் நோபல். பரிசு அறிவிக்கும் முன்பே தனக்கும் மனைவிக்கும் கப்பல் டிக்கெட் போட்டுவிட்டார் மனிதர்!

சுவாரசியமான ஒரு திருப்பம் என்னன்னா, இன்றைக்கு நம் செல்போன் பேச்சும் இணையமும் நெடுந்தூரம் போவது கண்ணாடி இழை கேபிள்களில். தூரம் போகப் போக ஒளி மங்கும். அதை வழியிலேயே ஊக்கப்படுத்த ராமன் பெருக்கி என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். அடிப்படை, அவர் கண்டுபிடித்த அதே ஒளிச்சிதறல். தந்திக் கணக்கு பார்த்தவர் வேலையை விட்டுவிட்டுச் செய்த ஆராய்ச்சி தொலைத்தொடர்புக்கே திரும்பி வந்துவிட்டது. பழைய பீங்கான் ஓடுகளின் மேல்பூச்சில் என்ன கலந்திருக்கிறது என்று, உடைக்காமல் கண்டுபிடிக்கவும் ராமன் நிறமாலை உதவுகிறது.

சரி, இன்னைக்கு அந்த வேலைக்கு எப்படிப் போறது?

அன்று ஒரே கூரைக்குள் இருந்தது இன்று பல அலுவலகங்கள். உரிமம் வழங்குவது மத்திய தொலைத்தொடர்புத் துறை. கட்டணம், சேவைத் தரம் போன்றவற்றை ஒழுங்குபடுத்துவது 1997இல் சட்டத்தின் மூலம் உருவான டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். 2000இல் தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் வந்தது. தந்தி சேவையே 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது.

டிராய்க்கு என்று யு.பி.எஸ்.சி. மாதிரி பெரிய நுழைவுத் தேர்வு இல்லை. அங்கே இருக்கும் அதிகாரிகள் பலர் மற்ற மத்திய அரசுப் பணிகளில் இருந்து அயல்பணியில் வந்தவர்கள். அதனால் முதலில் அந்தப் பணிகளுக்குள் நுழையணும்.

எலக்ட்ரானிக்ஸ், டெலிகாம் இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணிகள் தேர்வு. அதன் வழியாக இந்தியத் தொலைத்தொடர்புப் பணிக்கு வரலாம். ராமன் பார்த்த வேலைக்கு இன்றைய வாரிசு என்றால், சிவில் சர்வீஸ் தேர்வு வழியாக ஆள் எடுக்கும் இந்திய அஞ்சல் தொலைத்தொடர்புக் கணக்கு மற்றும் நிதிப் பணி. அதற்கு எந்தப் பட்டப்படிப்பும் போதும், இன்ஜினீயரிங் கட்டாயம் இல்லை. விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா மட்டும் முடித்தவர்கள் இந்தத் தேர்வுகளுக்கு முன் ஒரு டிகிரி முடிக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டு தேர்வுகளுக்கும் குறைந்தபட்ச வயது 21. 18 வயதில் முதலிடம் பிடித்த ராமன் இன்று இருந்தால் விண்ணப்பமே போட முடியாது!

தானே ஒரு கதவை மூடிய கதை

ராமன் வாழ்க்கையில் பலரும் தாண்டிப் போகும் ஒரு பக்கம் உண்டு. 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அதே வருடம் பம்பாய் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்ற கமலா பாகவத் என்ற மாணவி அங்கே ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் ராமன் மறுத்துவிட்டார். கமலா நேரில் வந்து விடாப்பிடியாக நின்றார். கடைசியில், ஒரு வருடம் சோதனை முறையில் என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. கமலா சாதித்துக் காட்டினார், பின்னாளில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். கமலா சோஹோனி என்று உலகம் அறிந்தது அவரைத்தான்.

தகுதி ஒன்றையே பார்த்த தேர்வில் மேலே வந்தவர், தகுதி இருந்த ஒருவரைத் தடுத்தார். இதைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. பிறகு பெண்களுக்கு அங்கே வழி திறந்தது. வானிலை அறிவியலில் பெயர் பெற்ற அன்னா மாணி 1940களில் ராமனிடமே ஆராய்ச்சி செய்தார்.

நிர்வாகத்தில் உரசல்கள் வந்து, 1937இல் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை தொடர்ந்தார். பிறகு பெங்களூருவிலேயே தன் பெயரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம். 1954இல் பாரத ரத்னா. பத்து வருடம் அரசாங்கக் கோப்புகளுக்கு நடுவில் இருந்தவர், தன் நிறுவனத்தை நடத்த அரசாங்கப் பணம் வேண்டாம் என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். பணம் வந்தால் கூடவே படிவமும் அறிக்கையும் வரும் என்பது உள்ளே இருந்து பார்த்தவருக்குத் தெரியாதா?

1970 நவம்பர் 21ஆம் தேதி, 82 வயதில் காலமானார். நிறுவனத்தின் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. இரண்டு வருடங்கள் கழித்து, 1972இல், ராமன் ஆராய்ச்சி நிறுவனம் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையிடம் நிதி பெறும் தன்னாட்சி நிறுவனமாக மாற்றப்பட்டது. இன்றும் அப்படித்தான் இயங்குகிறது.